பாம்பூஃப்ளாட் படகில் எனக்கு விழுந்த வரி

போன மாதம் தங்கை பேரன் என்னைச் சென்னையில் ஒரு ஹிப் ஹாப் நிகழ்ச்சிக்கு இழுத்துப் போனான். மேடையில் ஒல்லியாக ஒரு பையன், தொளதொள சட்டை, கையில் மைக். தாளம் எங்கே விழுமோ அங்கே அவன் சொல்லும் விழுந்தது. தன் சந்தைப் பாடினான், தண்ணீர் லாரியைப் பாடினான், முன்வரிசை ஆட்களைக் கை நீட்டி வாரினான். பாட்டி முகம் சுளிப்பாள் என்று பேரன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நானோ, வாரப்பட்டவன் ஏன் பதில் சொல்லாமல் இளிக்கிறான் என்று எரிச்சலில் இருந்தேன். எங்கள் படகில் அப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

எழுபதுகளின் தொடக்கத்தில் தஞ்சாவூரிலிருந்து சென்னை வந்து கப்பலேறி அந்தமானுக்குப் போனேன். அண்ணன் பாம்பூஃப்ளாட்டில் கான்ட்ராக்டர். எனக்கு எதிர்க்கரையில், போர்ட் பிளேரில், படகுகளை நடத்தும் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை. தினமும் காலையில் படகேறிச் சாத்தம் ஜெட்டியில் இறங்க வேண்டும். என் வேலையில் எனக்குக் கர்வம் உண்டு. நான் அடித்த காகிதத்தில் ஓர் அழித்தல் இருக்காது, ஒரு விரல் கறை இருக்காது.

அந்தப் படகில், கரையில் கட்டக் கயிறு போடுகிறவன் ஒருவன் இருந்தான். என் வயதுதான் இருக்கும். ஜெயில் காலத்திலிருந்தே தீவில் இருக்கும் குடும்பம். அம்மாவிடம் கற்ற தமிழையும் ஊர் ஹிந்தியையும் ஒன்றாகப் பிசைந்து பேசுவான்; அக்கா என்பதற்கு தீதி என்பான். படகு கரையை விட்டு நகர்ந்ததும் கயிற்றுச் சுருளின் மேல் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எஞ்சினைக் கேட்பான். டக், டக்டக், டக். பிறகு அந்தத் தாளத்தின் மேலேயே ஏறி, யாராவது ஒருவரைப் பார்த்து மூன்று வரி விடுவான். நான் ஏறிய முதல் வாரம் முடிந்ததுமே என் முறை வந்தது.

“காலா சத்ரி கையில,
சாப்பாட்டு டப்பா பையில,
சிரிப்பு வருமா தீதி, அடுத்த கப்பல் மெயில்ல?”

படகே சிரித்தது. எனக்குக் காது மடல் சுட்டது. கறுப்புக் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்தேன். எல்லோரும் எதற்கோ காத்திருப்பதுபோல் என்னையே பார்த்தார்கள். அது இன்னும் அவமானமாக இருந்தது. அன்று மதியமே, வேலைக்குப் போகும் பெண்ணைப் படகு ஊழியன் கேலி செய்கிறான் என்று மூன்று பிரதியில் புகார் அடித்துக் கொடுத்தேன். ஒரு பிழை கிடையாது.

நாலு நாளில் உத்தரவு வந்தது. அதை டைப் அடிக்கும் வேலையும் என் மேஜைக்கே வந்தது. படகு ஊழியர் எவரும் பயணிகளை வம்புக்கு இழுக்கக் கூடாது, மீறினால் வேலை போகும். மறுநாளிலிருந்து அவன் கயிற்றுச் சுருளில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். எஞ்சின் மட்டும் டக்டக் என்றது. என் பலகையில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எனக்கென்ன வந்தது என்று இருந்தேன். உண்மையில் இரண்டாம் வாரமே பொறுக்க முடியவில்லை.

கடைசியில் மீன் கூடைக்காரத் தெலுங்கம்மாதான் வாயைத் திறந்தாள். “கியா கியா தீதி தும்னே? என்ன பண்ணிட்ட? போட்டு செத்துப் போச்சே,” என்றாள். அவன் வெளியாளைப் பாட மாட்டானாம். புதிதாக ஒருவர் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் வந்தால்தான் வரி விடுவானாம். இனி நீ இந்தப் படகு ஆள் என்று அதற்கு அர்த்தம். வரி விழுந்தவர் அதே தாளத்தில், அதே ஓசை முடிவில், சாத்தம் வருவதற்குள் பதில் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் ஜெட்டியில் படகு கட்டும் குற்றியில் கயிறு மாட்டுவது அன்றைக்கு அவர் வேலை. பெங்காலி வாத்தியார் மாட்டியிருக்கிறார், போலீஸ்காரர் மாட்டியிருக்கிறார், இவளே ஆறு தடவை மாட்டியிருக்கிறாள்.

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வா என்று கூப்பிட்டவனை நான் காட்டிக் கொடுத்திருந்தேன். புகாரை வாபஸ் வாங்கப் போனேன். “ஆர்டர் போட்டாச்சும்மா. மாத்தினா நமக்குத்தான் அசிங்கம்,” என்று ஆபீசர் ஃபைலை மூடிவிட்டார். மேஜைக்குத் திரும்பி உத்தரவின் கார்பன் பிரதியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஊழியர் பயணியை வம்புக்கு இழுக்கக் கூடாது. பயணி ஊழியரை இழுத்தால்? அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஒரு வாரம் டைப்ரைட்டரில் எஞ்சின் தாளத்தைத்தான் அடித்துக்கொண்டிருந்தேன். மெஷின் ரிப்பேரா என்று ஹெட் கிளார்க் கேட்டார். அவன் எவ்வளவு பெரிய கெட்டிக்காரன் என்பது அப்போதுதான் புரிந்தது. எனக்கு மூன்று வரிக்கு ஒரு வாரம் ஆயிற்று. அவனுக்குப் படகு கரையிலிருந்து முதல் மிதவை வரை போகும் நேரம் போதும். எழுதி வைத்துக்கொள்வதும் இல்லை, ஒரு முறை விட்டதை மறுபடி விடுவதும் இல்லை.

திங்கட்கிழமை காலை, படகு நகர்ந்ததும் எழுந்து நின்றேன். சாப்பாட்டு டப்பாவில் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்த்துச் சொன்னேன்:

“கப்பல் வந்துச்சு வெயில்ல,
சிரிப்பு வந்துச்சு மெயில்ல,
வாங்கிக்கொள்ள ஆள் இருக்கா, நாக்கு இருக்கா வாயில?”

ஒருவரும் சிரிக்கவில்லை. அவன் சுக்கான் பிடித்திருந்த சாரங்கைப் பார்த்தான். சாரங் என்னைப் பார்த்தார்.

“தீதி, இது ஆர்டர்ல வராதா?” என்று மெதுவாகக் கேட்டான்.

“வராது. டைப் அடிச்சவ நான்தான். கேட்டா பதில் சொல்லலாம்.”

சாரங் தலையைத் திருப்பிக்கொண்டு கடலைப் பார்த்தார். அது போதுமாயிருந்தது. அவன் கண்ணை மூடி எஞ்சினைக் கேட்டான். டக், டக்டக், டக். அவ்வளவு நாள் கழித்து அந்தக் குரல் வந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“ஆர்டர் அடிச்ச கை ரெண்டும்
டப்பாவுல தாளம் போடுது,
சாத்தம் வருது தீதி, ஜல்தி! அடுத்த வரி எங்க ஓடுது?”

படகு அதிர்ந்தது. கூடைக்காரி என் முதுகில் அறைந்து, “போல், போல்! சொல்லு!” என்றாள். என்ன சொல்வது? ஒரு வாரம் உட்கார்ந்து ஒரே ஒரு பதில்தான் தயார் பண்ணியிருந்தேன். வாயைத் திறந்தேன், மூடினேன், சிரிப்புத்தான் வந்தது. ஜெட்டி வந்துவிட்டது.

அவன் கயிற்றை என் கையில் கொடுத்தான். கயிறு ஈரமாக, நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. இரண்டு தடவை குற்றியில் விழாமல் தண்ணீரில் விழுந்தது. மூன்றாவது தடவை மாட்டினேன். மறுநாள் என் பலகையில் மீன் கூடையும் கூடைக்காரியும் இடத்தை அடைத்துக்கொண்டார்கள்.

கயிறு மாட்டிய அன்று ஆபீஸில் நான் அடித்த கடிதங்களிலெல்லாம் ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்குக் கயிற்றுக் கிரீஸ் இருந்தது. வேறு நாளாக இருந்தால் அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்ப அடித்திருப்பேன். அப்படியே கையெழுத்துக்கு அனுப்பினேன்.