அம்மனுக்குக் கொண்டுபோன தகரம்

போன வாரம் தீயில் எரிந்த நம் தமிழர் ஜுக்கிக் குடிசைப் பகுதியில் தன்னார்வலர்கள் வீடு கட்டித் தருகிறார்கள்.

அங்கிருந்த மாரியம்மன் கோயிலும் எரிந்துவிட்டது. அதன் கூரைக்கு என் கடையிலிருந்து நல்ல தகரமாகப் பார்த்து இன்று காலை ஏற்றிப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், பதிலுக்கு அம்மன் என் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வாள் என்ற கணக்குதான்.

பூசை செய்யும் செல்லம்மாக்கா தகரத்தைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, இத வள்ளி வீட்டுக்குப் போட்டுருவோம். புள்ள பெத்த பச்ச உடம்பு, தார்ப்பாய்க்குள்ள கெடக்குறா. மழ வேற வருது."

"அக்கா, இது அம்மனுக்குன்னு வேண்டிக்கிட்டது."

"ஆத்தாவுக்குச் சளி புடிக்காது தம்பி. ஜல்தி ஏணியில ஏறு."

ஏறினேன். இத்தனை வருடம் தகரம் விற்றிருக்கிறேனே தவிர, ஒரு கூரையிலும் ஆணி அடித்ததில்லை. இரண்டு விரல் நசுங்கியது.

அடித்து முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. வள்ளி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, காய்ந்த தரையில் பாய் விரித்தாள்.

அம்மன் இருக்கிறாள் என்று எனக்கு முதன்முதலாக நிச்சயமாகத் தோன்றியது அப்போதுதான்.

இனி என் ஞாயிற்றுக்கிழமைகள் அங்கேதான். ஏணி பிடிக்க ஆள் வேண்டும், யார் வருகிறீர்கள்? லைக் மட்டும் போட்டால் ஏணி ஆடாமல் நிற்காது.