நாலு தட்டு குறைந்த ஜப்பான் பாட்டு

வெளிநாட்டுப் பாட்டின் மெட்டை அப்படியே எடுத்து, பர்மிய வார்த்தை போட்டு விற்பதற்கு ரங்கூனில் காப்பிப் பாட்டு என்று பெயர். அந்தத் தொழிலில் பக்கத்தில் நிற்பவனைச் சந்தேகப்படத் தெரியாதவன் நிலைக்க மாட்டான். அதில் கீபோர்டு வாசித்துச் சாப்பிட்டவன் நான். யாரிடமும் படித்ததில்லை, கேட்டுக் கேட்டு வந்தது. பாடுகிறவருக்குப் பின்னால் நின்று வாசிக்கிற உங்களுக்கும் இதில் பாதி நடந்திருக்கும்.

சாத்திய ஜன்னல்கள்

ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் ரயில் பாதையை ஒட்டி ஊ தௌங் என்பவரின் ஒலிப்பதிவுக் கூடம் இருந்தது. பர்மாவில் பெரியவருக்கு ஊ, ஒத்த வயதுக்காரனுக்குக் கோ, பெண்ணுக்கு மா என்று பேருக்கு முன்னால் போட்டுத்தான் கூப்பிடுவார்கள். கப்பல் வேலைக்காரர் ஒருவர் கொண்டுவந்த ஜப்பானியப் பாட்டுக் கேசட் அவர் கைக்கு வந்தது. அடுத்த தெருக் கூடத்துக்காரர் மெட்டைக் கேட்டு முந்திவிடுவார் என்று, வெயில் கொளுத்தும் மத்தியானத்தில் ஜன்னலெல்லாம் சாத்தி, எங்களைக் கேசட் பெட்டியைச் சுற்றி உட்கார வைத்தார். சத்தத்தையும் ரொம்பக் குறைத்திருந்தார். ரயில் போகும்போது மட்டும் கொஞ்சம் கூட்டுவார்.

அந்தக் கேசட் நாடா அறுந்து, யாரோ வெட்டி ஒட்டியிருந்தார்கள். ஒட்டிய இடத்தில் தாளத்தில் நாலு தட்டு குறைந்து, பாட்டு தாவியது. பாடகி இழுத்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்து விழுந்தது. அந்த இடத்தை நாமே நிரப்பிக்கொள்ளலாமா என்று கேட்டேன். ஊ தௌங் வீட்டில் மின்விசிறி முதல் சோற்றுப்பானை வரை ஜப்பான் சாமான். என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஜப்பான்காரன் செய்ததில் குறை இருக்குமா? இருக்கிறபடி வாசி. இல்லை, பாட்டைக் கெடுத்துக் கொடுக்கச் சொல்லி உன்னிடம் யாராவது பேசினார்களா?"

வராத பெண்

பதிவு நாளன்று கோரஸ் பாட வேண்டிய பெண் வரவில்லை. மெட்டோடு எதிரிக் கூடத்துக்குப் போய்விட்டாள் என்றார் ஊ தௌங். அவளுக்குக் காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது; அதையும் அவர் நம்பவில்லை. அப்போது என் மனைவி ரெஜினா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். மாதா கோயில் பாடற்குழுவில் பாடுகிறவள். "நீங்களே நில்லுங்கம்மா" என்று அவளை மைக் முன்னால் நிறுத்திவிட்டார்.

ரெஜினா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, கண்ணை மூடி, கோரஸ் முழுவதையும் ஒரே மூச்சில் பாடினாள். முதன்மைப் பாடகி மா கின்னுக்கு முகம் சுருங்கியது. என்னைத் தனியே கூப்பிட்டாள். "நிஜமாகவே சாப்பாடு கொடுக்கத்தான் வந்தார்களா, கோ செல்வம்?"

யார் திருடன்?

பாட்டு ஓடியது. டீக்கடை, பஸ், கல்யாண வீடு எங்கும் அதுதான். மற்றக் கூடங்கள் எங்களைப் பார்த்துக் காப்பி அடித்தன; அவற்றிலும் நாலு தட்டு குறைவு. இந்த ஊரில் யார் பாடினாலும் அந்த இடத்தில் தாவித்தான் பாடுவார்கள்.

சென்ற வருஷம் ரங்கூனின் தாகேதா பகுதியிலிருந்து டாக்சியில் வந்தேன். டிரைவர் இளவட்டம். போனில் ஜப்பானிய மூலத்தைத் தேடிப் பிடித்திருந்தான். அந்த ஜப்பானியப் பாடகி நாங்கள் தாவுகிற இடத்தில் நிதானமாக இழுத்துப் பாடினாள். டிரைவர் ஸ்டியரிங்கைத் தட்டி, என்னை ஊலே, அதாவது மாமா, என்று கூப்பிட்டுச் சொன்னான். "பாருங்க ஊலே, நம்ம பாட்டைத் திருடிட்டு, கண்டுபிடிக்கக் கூடாதுன்னு நடுவில் கொஞ்சம் சேர்த்திருக்காங்க!"

ஜப்பான்காரி வந்தாள்

ரெஜினா இறந்தபோது எங்கள் வீட்டில் குரல் பதிகிற போன் வந்திருக்கவில்லை. அந்தப் பாட்டைத் தவிர அவள் குரல் வேறு எதிலும் இல்லை. விற்ற கேசட்டில் அது மா கின்னின் குரலுக்கு அடியில் கரைந்துவிட்டது. கூடத்தை மூடியபோது ஊ தௌங் எனக்குக் கொடுத்த மூலச் சுருளில், ஒவ்வொரு குரலையும் தனித் தடத்தில் பதிந்ததில், மட்டும் அது தனியாக இருக்கிறது. அதை ஓட்டும் இயந்திரம் இந்த ஊரில் எனக்குத் தெரிந்த யாரிடமும் இல்லை. வீட்டிலேயே இருக்கிறாள், கேட்க முடியவில்லை.

இந்த நிலையில் ஹருகோ வந்தாள். இங்கே ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுக்கிறவள். பர்மிய மொழி நன்றாகப் பேசுவாள். அந்தப் பாட்டு எந்தெந்த நாட்டில் எப்படியெல்லாம் பாடப்படுகிறது என்று சேகரிக்கிறாளாம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது சுருளைக் கொண்டுபோய், ஒவ்வொரு குரலையும் பிரித்து அனுப்புகிறேன் என்றாள். கேஸ் போட அத்தாட்சி தேடுகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கும் என்மேல் நம்பிக்கை இல்லை. டீயைத் தொடாமல் கேட்டாள்: "ஊ செல்வம், அந்த நாலு தட்டை வேண்டுமென்றே எடுத்தீர்கள்தானே? வேறு பாட்டு என்று சொல்லிக்கொள்ள?"

தின்கன்ஜூனில் யோசனை

மா கின் இப்போது ரங்கூனிலேயே தின்கன்ஜூன் பகுதியில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறாள். யோசனை கேட்கப் போனேன். கதவை முழுதாகத் திறக்காமலே பேசினாள். அந்தச் சுருள் நம் ஊரை விட்டுப் போகவே கூடாது என்றாள். அந்நியரை நம்பலாமா, சுங்கத்தில் பிடித்தால் என்ன ஆகும், வழியில் ஈரம் பட்டால் என்ன ஆகும் என்று அடுக்கினாள். எனக்கும் அதே பயம்தான், தலையாட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள். "என்னைத் தனியாகப் பிரித்துக் கேட்டால், நான் சுருதி விட்ட இடமெல்லாம் தெரியுமே, கோ செல்வம்!"

வந்து சேர்ந்தது

அதைக் கேட்ட பிறகுதான் கொடுக்கத் துணிந்தேன். மா கின் தன் குரலைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தாள்; நான் காப்பாற்ற வேண்டியது வேறு குரல். இன்னும் சில மழைக்காலம் போனால் நாடாவே உதிர்ந்துவிடும். ஹருகோ கையில் சுருளைக் கொடுத்து, அவள் முகத்தைப் போனில் படம் பிடித்துக்கொண்டேன். அவளும் என்னைப் படம் பிடித்துக்கொண்டாள்.

பல வாரம் சத்தமில்லை. போய்விட்டது என்றே இருந்தேன். பிறகு ஒரு காலை போனில் வந்தது. மா கின் இல்லை, டிரம் இல்லை, என் கீபோர்டும் இல்லை, ரெஜினா மட்டும். போனைக் காதோடு வைத்துக் கேட்டேன். பாடி முடித்த பிறகும் மைக் திறந்தே இருந்திருக்கிறது. மூச்சு வாங்கிக்கொண்டு, பக்கத்தில் நின்ற என்னிடம் தமிழில் சொல்கிறாள்: "ஏங்க, இது யாரோ பெத்த பிள்ளை, நாம பேர் வைக்கிறோம். பெத்தவங்க வந்து கேட்டா என்னங்க சொல்லுவீங்க?"

கடைசியில் அந்த அம்மாள் என்ன பேசுகிறார் என்று ஹருகோ எழுதிக் கேட்டாள். தண்ணீர் கேட்கிறாள் என்று பதில் அனுப்பினேன், என்ன இருந்தாலும் எங்கள் தொழிலில் ஒருவரை அதற்கு மேல் நம்புகிற வழக்கம் இல்லை.