பாதாள ராட்சசன் ஓடிய பகல் காட்சி

கல்யாணமாகி மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுக்கு வந்தபோது, சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பச்சை ராட்சசன் இருந்தான். ஒற்றைக் கண், வாயெல்லாம் பல், கையில் மஞ்சள் கவுன் போட்ட வெள்ளைக்காரி. ராபர்ட்சன்பேட்டை சினிமாக் கொட்டகையில் போஸ்டர் ஒட்டுகிறவரிடம் மிச்சமானதைக் கேட்டு வாங்கிவந்து என் கணவர் ஒட்டியது. அவர் சுரங்கத்தில் கீழே இறங்கி வேலை செய்கிறவர். செவ்வாய் கிரகத்து ஆட்கள், வீட்டளவு எறும்பு, பறக்கும் தட்டு என்று எந்த இங்கிலீஷ் படம் வந்தாலும் விடமாட்டார். படத்தில் வரும் ராட்சசனின் முதுகில் வேஷத் துணியின் தையல் தெரியும். அதைக் காட்டிக் காட்டிச் சிரிப்பார். முதலில் முகத்தை மூடிக்கொண்டிருந்த நான், கொஞ்ச நாளில் அவருக்கு முன்னாடியே தையலைக் கண்டுபிடிக்க ஆரம்பித்தேன்.

அந்த வாரம் வந்த படத்தில் ஒரு இயந்திரத்தில் ஏறிப் பூமியைக் குடைந்துகொண்டே போகிறார்கள். போஸ்டரைப் பார்த்ததும் அவர் சொன்னார்: "தொப்பியில லைட்டே இல்ல. எந்த லெவலுக்குப் போறானுங்க இவனுங்க?"

சேர்ந்து போகத்தான் இருந்தோம். யாரோ வேலைக்கு வராததால் அவரைப் பகல் ஷிப்ட்டுக்குப் போட்டுவிட்டார்கள். படமோ அன்றைக்கே கடைசி. நாத்தனாரைக் கூட்டிக்கொண்டு நீயாவது போய்வா என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

படத்தில் பாறைக்குள்ளிருந்து ராட்சசன் எழுந்தான். நாங்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சு அதிர்ந்தது. தரை டிக்கெட்டில் விசில் அடித்தார்கள். அதிர்வு நிற்கவில்லை. கூரையிலிருந்து தூசி கொட்டியது. விசில் அப்படியே அடங்கிப்போனது. ஏர் பிளாஸ்ட் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கீழே பாறை வெடித்தால் மேலே எப்படி ஆடும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். திரையில் படம் ஓடிக்கொண்டேயிருந்தது.

நாத்தனாரும் நானும் ஓடினோம். சுரங்கத்தில் இறங்கும் ஷாப்ட் வாசலில் கூட்டத்தை மறித்து நிறுத்தியிருந்தார்கள். உயரத்தில், ஆட்கள் ஏறிவரும் கேஜைத் தூக்கும் சக்கரம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. அது சுற்றும்போதெல்லாம் எழுந்து நிற்போம். ஆட்கள் வெளியே வருவார்கள், அவர் இருக்கமாட்டார். திரும்ப உட்காருவோம். யாரிடம் கேட்பது, என்ன கேட்பது என்று தெரியவில்லை. எனக்குப் பிரார்த்தனைகூட வரவில்லை. அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும் நேரத்தில் வந்தார். உடம்பெல்லாம் தூசி. காயம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. அவரோடு சேர்ந்து வேலை செய்தவர் வரவில்லை. வீட்டு வாசலில் நின்று சொன்னார்: "லைட்டு போச்சு. பக்கத்துலதான் பேசிக்கினு இருந்தான். அப்புறம் பேசல."

வேறு வேலை எதுவும் தெரியாது. கொஞ்ச நாளில் மறுபடியும் கீழே போனார். நானும் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பினேன். வேறென்ன செய்வது?

அடுத்து ஒரு பறக்கும் தட்டுப் படம் வந்தபோது நான்தான் வற்புறுத்திக் கூட்டிப்போனேன். உள்ளே விளக்கை அணைத்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார். எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே போனேன்.

கொட்டகைக்கு எதிர் டீக்கடையில் உட்கார்ந்தோம். எனக்குத் தாங்கவில்லை. "தெனம் அந்த இருட்டுக்குத்தானே போறீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"அது வேலை" என்றார். பிறகு, "இங்க சும்மா உக்காரணும். அதான் முடியல" என்றார்.

கொட்டகைக்குள் ஏதோ உறுமியது. ஜனங்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். டீ ஆறிக்கொண்டிருந்தது. அதைக் குடிக்கச் சொன்னேன், குடித்தார்.