மிளகு குடோனின் இரண்டு நாய்கள்

1. பேப்பட்டி

"பேப்பட்டியாணு சாமி. ரெண்டையும் ஊசி வெச்சுத் தீர்த்துத் தரணும்."

மிளகு குடோன் முதலாளி எங்கள் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார். பேப்பட்டி என்றால் வெறிநாய். எழுபதுகளின் கடைசியில் மட்டாஞ்சேரி கால்நடை ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டர். பாலக்காட்டுப் பிராமணன் என்பதால் ஊருக்கு நான் 'சாமி'.

டாக்டரும் நானும் போனோம். குடோனுக்குப் பின்னால், காயலோரச் சுவரில் கட்டிக் கிடந்தன இரண்டு அல்சேஷன்கள். கன்றுக்குட்டி உயரம், ஒரே ஈற்றில் பிறந்தவை. ஆண் ராஜு, பெண் லில்லி. சங்கிலி இரண்டு முழம்கூட இருக்காது. லில்லியின் கழுத்துப்பட்டை தோலுக்குள் புதைந்து, புண்ணில் புழு நெளிந்தது. அதை நக்கிக்கொண்டிருந்த ராஜு எங்களைப் பார்த்து உறுமியது. மூட்டை தூக்கும் ஆள் ஒருவர் காதோடு சொன்னார்: "முதலாளி அவளை சவிட்டினப்போ இவன் பாய்ஞ்சான். அதாக்கும் பேயி!" சவிட்டு என்றால் மிதி.

டாக்டருக்கும் புரிந்தது. ஆனால் முதலாளியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "பத்து நாள் பாக்கணும், அதுதான் ரூல்" என்று சொல்லி இரண்டையும் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவரச் சொன்னார்.

2. ஒன்று போதும்

பட்டையை வெட்டி எடுத்து, புழுவைக் களைந்து, தினமும் டிரெஸ்ஸிங் செய்தேன். நான் கை வைக்கும்போதெல்லாம் ராஜு தன் தலையை லில்லியின் முதுகில் வைத்துக்கொள்ளும். பத்து நாளும் கழிந்தது. வெறியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. முதலாளி திரும்ப எடுக்க மறுத்தார்; டாக்டர் வளர்க்க ஆள் தேடினார்.

ஆலுவாவிலிருந்து ஓர் எஸ்டேட்காரர் ஜீப்பில் வந்தார். "ஒண்ணு மதி. பெண்ணை எடுக்கறேன்."

"ரெண்டும் பிரிஞ்சா தாங்காது, சார்" என்றேன்.

டாக்டர் என்னை முறைத்தார். "நாய்க்கு என்னய்யா குடும்பம்? கையெழுத்து வாங்கு."

வாங்கினேன். ஜீப் கிளம்பியதும் ராஜு கூண்டுக் கம்பியைக் கடித்து ஒரு பல்லை உடைத்துக்கொண்டது. பிறகு சோற்றை முகரக்கூட இல்லை. ஐந்தாம் நாள் எஸ்டேட்காரர் லில்லியைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கினார். "தின்னாத பட்டி எனக்கெதுக்கு?" எலும்பும் தோலுமாக நின்ற லில்லி தள்ளாடிப்போய்க் கூண்டோடு ஒட்டிப் படுத்தது.

டாக்டர் தலையைச் சொறிந்தார். "அப்போ ரெண்டுக்கும் ஊசிதான்."

பதினாறு வருஷ சர்வீஸில் அன்றுதான் அவரிடம் குரலை உயர்த்தினேன். "ஊசியை எடுத்தேள்னா இந்த டிரேயை உடைச்சுடுவேன். ரெண்டும் எங்காத்துக்கு வரது."

வாசலில் பார்த்த என் மனைவி பத்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "நாயா, குதிரையா?" என்றாள். "எங்கே கிடத்தப் போறேள்?" அவளே கிணற்றடியில் சாக்கை விரித்துப் போட்டாள். தயிர்சாதம் இரண்டு தட்டில் வைத்தாள். இரண்டும் ஒரே தட்டில் தின்றன.

3. முதலாளியின் பாசம்

அடுத்த வருஷம் குடோனில் திருட்டுப் போயிற்று. முதலாளி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சாமி, என்றெ நாய்களைக் கூட்டிப் போக வந்தேன்."

"உங்க நாயா? பேப்பட்டின்னேளே!"

"அன்னிக்குக் கோபத்தில சொன்னது. நான் வளர்த்ததாக்கும்."

உள்ளே போய் லில்லியைக் கூட்டிவந்தேன். ராஜுவும் கூடவே வந்தது. லில்லியின் கழுத்தில் முடி முளைக்காத வளையத்தை விரலால் காட்டினேன். "இதுதான் நீங்க வளர்த்த லட்சணம். படி இறங்குங்கோ." அவர் இறங்கிப்போனார். எங்கே போய்ச் சொன்னாரோ, மூன்று மாதத்தில் என்னைக் கும்பளங்கிக்கு மாற்றினார்கள். ஆறு வருஷம் தினமும் பஸ்ஸில் போய்வந்தேன். இரண்டு நாய்களும் கடைசிவரை எங்கள் வீட்டில்தான் இருந்தன.

இதை நான் பெருமைக்கு எழுதவில்லை. முதலாளி பேப்பட்டி என்று வந்து சொன்னதற்கு இரண்டு வருஷம் முன்பே, இதே நாய்களுக்குத் தடுப்பூசி போட நான் அந்தக் குடோனுக்குப் போயிருந்தேன். லில்லியின் கழுத்தில் பட்டை இறுகுவதை அன்றே பார்த்தேன். பெரிய மனிதர், நமக்கேன் வம்பு என்று அவர் தந்த சாயாவைக் குடித்துவிட்டு வந்தேன். முதலாளிமேல் வந்த கோபம் கொஞ்சம் தணிந்திருக்கிறது. என்மேல் உள்ளது தணியவில்லை. இந்த வேலைக்கு வருகிறவர்கள் பட்டை இறுகுவதைப் பார்த்த அன்றே வாயைத் திறக்க வேண்டும். புழு வைத்தபிறகு மருந்து போட யாராலும் முடியும்.