ஏரிக்கரைக் குதிரைக்காரி

ஏரிக்கரைப் பூங்காவில் குடைராட்டினம் ஓட்டியவளை ஊரே குதிரைக்காரி என்றுதான் கூப்பிட்டது. கல்யாணமான புதிதில் டிக்கெட் கிழிக்கச் சேர்ந்தவள். ராட்டினம் ஓட்டிய பெரியவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ள, பிரேக் அவள் கைக்கு வந்தது. மரக்குதிரைகளுக்கு வருஷா வருஷம் அவளே வர்ணம் பூசினாள். அவள் புருஷனுக்கு அதே பூங்காவின் படகுத்துறையில் வேலை. மகள் நடை பழகியது ராட்டின மேடையில்தான். குதிரைக்காரி தூக்கிக் குதிரைமேல் உட்காரவைத்த பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் பிள்ளைகளோடு வந்து, “அக்கா, அந்த ஒத்தைக் காது குதிரை இன்னும் இருக்கா?” என்று கேட்பார்கள்.

பிறகு ஏரி கரையைத் தின்னத் தொடங்கியது. படகுத்துறை போயிற்று, பொம்மை ரயிலின் தண்டவாளம் போயிற்று. பூங்காவை மூடினார்கள். இடிப்பதற்கு முன் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை திறப்பதாக முதலாளி அறிவித்ததும் குதிரைக்காரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

சனிக்கிழமை புருஷனோடு மேடையைத் துடைக்கப் போனாள். மழையே இல்லை; ஆனால் மோட்டார் குழியில் தண்ணீர் நின்றது. வாளியால் இறைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தால், மறுபடி அதே மட்டத்துக்குத் தண்ணீர். சேற்று வாடை வேறு.

புருஷன் குனிந்து பார்த்தார். “இது அடியில அரிச்சுக்கிட்டு வர்ற தண்ணிடி. முதலாளிகிட்டச் சொல்லிடலாம்.”

“சொன்னா நிறுத்திடுவாரு. ஒரு நாள் தாங்காதா? அபசகுனமா எதையாவது பேசாதீங்க.”

குழியின்மேல் பலகை போட்டு, பலகையின்மேல் பழைய பாயை விரித்தாள். அவர் காலி வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார்.

மறுநாள் எள் போட்டால் எள் விழாத கூட்டம். நரைத்த தலைகள்கூடக் குதிரைகளைத் தடவிக் கண் கலங்கின. மகள் தன் குழந்தையை மடியில் வைத்து ஒத்தைக் காது குதிரையில் ஏறினாள். பாட்டு கிளம்பியது, குடை சுழன்றது. திடீரென்று குதிரைக்காரியின் பாதத்துக்கடியில் தரை ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. பாய் நனைந்திருந்தது.

அவளுக்குப் புரிந்துவிட்டது. கை பிரேக்குக்குப் போனது.

“அம்மா, இங்க பாரேன்!” மகள் கையாட்டிச் சிரித்தபடி கடந்து போனாள். சின்னப்பிள்ளையில் சிரித்த அதே சிரிப்பு. குதிரைக்காரி கையை எடுத்துவிட்டாள். இன்னும் ஒரே ஒரு சுற்று.

அந்தச் சுற்று முடிவதற்குள் மேடை ஏரிப்பக்கம் இறங்கியது. பிரேக்கை அழுத்தினாள். உண்மையைச் சொன்னால் மிதிபட்டே சாவார்கள் என்று, “மோட்டார் புகையுது, எல்லாரும் ரோட்டுக்குப் போங்க!” என்று கத்தினாள். “அதுக்குள்ளயா?” என்று முணுமுணுத்தவர்களைப் புருஷன் முதுகைத் தள்ளி வெளியேற்றினார். குழந்தை குதிரையின் கழுத்தை விடமாட்டேன் என்றது. பிஞ்சு விரல்களைக் குதிரைக்காரி ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள்.

எல்லோரும் ரோட்டை எட்டிய பிறகு, ஈரமண் விலகும் சத்தம் மட்டும் கேட்டது. குடை சாய்ந்து, குதிரைகளோடு தண்ணீருக்குள் போனது. ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. “உங்களாலதான் உசுரு பொழைச்சோம்” என்று வந்து கையைப் பிடித்தவர்களை அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மகள் குழந்தையை இறுக்கி அணைத்தபடி எதிரில் வந்து நின்றாள். “பிரேக்குல கை வச்சியே. அப்புறம் ஏம்மா எடுத்த?”

குதிரைக்காரி மழுப்பவில்லை. “நீ சிரிச்சுக்கிட்டே போன. இன்னொரு தடவை பாக்கணும்னு தோணிச்சு.”

மகள் குழந்தையோடு நடந்துவிட்டாள்.

அடுத்த வாரம் மகள் அம்மா வீட்டுக்கு வந்தாள். பழம் கொண்டுவந்திருந்தாள். அப்பாவின் முட்டிவலியை விசாரித்தாள். குழந்தையை மட்டும் கூட்டிவரவில்லை. எங்கே என்று குதிரைக்காரியும் கேட்கவில்லை.