விளக்கு வைக்குமுன் அனுப்பிய பணம்

ஆனி மாதத்துக் கடைசி வெள்ளிக்கிழமை அது. மாதமும் கிழமையும் எனக்குத் தப்பாது. பள்ளிக்கூட வேலையை விட்டதிலிருந்து தினமும் நாலு வரியாவது நாட்குறிப்பு எழுதிவருகிறேன். மழை வந்ததா, மின்சாரம் நின்றதா, எந்தப் புத்தகத்தைப் படித்து முடித்தேன் என்கிற அளவுக்குத்தான். அன்றைய பக்கத்தில், "பத்துச் சேலைக்கு ஆர்டர். நல்ல நாள்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. இன்று அந்த வரியைப் படித்தால் வேறு யாரோ எழுதியதுபோலத் தோன்றுகிறது.

நான் சேலை விற்கிறவள். கடை கிடையாது. பக்கத்துத் தெருவில் விசைத்தறி போட்டிருக்கும் அண்ணாச்சியிடம் பருத்திச் சேலைகளை எடுத்து, மாடிக் கைப்பிடிச் சுவரில் விரித்துப் படம் பிடித்து, செல்போனில் ஸ்டேட்டஸ் வைப்பேன். பிடித்தவர்கள் பணம் போடுவார்கள். கூரியரில் அனுப்பிவிடுவேன். எல்லாப் பணமும் என் பெயரில் உள்ள ஒரே வங்கிக் கணக்குக்கு வரும், அதிலிருந்தே போகும். எங்கள் ஊர்க் கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்திய வாரங்களில்தான் எனக்கு வியாபாரம். அந்தத் தடவை அண்ணாச்சியிடம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு எடுத்திருந்தேன். தபசுக்குள் அவருக்குப் பணம் போய்ச் சேர வேண்டும். அதை வைத்துத்தான் அவர் தறிக்காரர்களுக்குத் திருவிழாச் செலவுக்குக் கொடுப்பார்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ஒருவர் பேசினார். சொந்த ஊர் சிவகிரிப் பக்கம் என்றும், இப்போது கோயம்புத்தூரில் இருப்பதாகவும் சொன்னார். தங்கை கல்யாணத்தில் உறவுக்காரப் பெண்களுக்குக் கொடுக்க ஒரே கரையில் பத்துச் சேலை வேண்டுமாம். ஒன்று அறுநூற்றைம்பது ரூபாய். விலை குறைத்துக் கேட்கவில்லை. முகவரி அனுப்பினார். பணம் சாயங்காலம் வரும் என்றார். நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு, மதியமே கூரியரில் போட்டுவிட்டேன். பேச்சு எங்கள் பக்கத்துப் பேச்சாக இருந்ததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

சாயங்காலம் வாசல் தெளித்துக்கொண்டிருந்தபோது போனில் பணம் வந்த சத்தம் கேட்டது. எடுத்துப் பார்த்தேன். ஆறாயிரத்து ஐந்நூறு வர வேண்டிய இடத்தில் அறுபத்தையாயிரம் வந்திருந்தது. அனுப்பியவர் பெயர் ஒரு பெண்ணுடையது. நான் முழுதாகப் படித்து முடிப்பதற்குள் ஆர்டர் கொடுத்தவரே கூப்பிட்டுவிட்டார்.

"அக்கா, ஒரு தப்பு நடந்துபோச்சு. எங்க மாமியா கணக்குலேர்ந்து போடச் சொன்னேன். ஒரு சைபர் கூட அடிச்சுட்டாவ. இப்ப அழுதுக்கிட்டு நிக்காவ."

"பதறாதீங்க தம்பி. மிச்சத்த அப்படியே திருப்பிப் போட்டுருதேன்."

"அவங்களுக்குப் போட்டா மறுபடி எங்கயாவது அமுக்கி வச்சிருவாவக்கா. என் நம்பருக்கே போட்டுருங்க. இன்னொண்ணு. இன்னைக்கு வெள்ளிக்கெழம. வெளக்கு வைக்கதுக்குள்ள போட்டுருங்க. அப்புறம் நீங்களும் போட மாட்டீங்க, நானும் கேக்க மாட்டேன். எங்கம்மையும் அப்படித்தான்."

வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு எங்கள் வீட்டிலிருந்து பணம் வெளியே போகாது. பால்காரருக்குக்கூட மறுநாள்தான். இதற்கெல்லாம் காரணம் கிடையாது என்று நாலு புத்தகம் படித்துத் தெரிந்துகொண்டவள்தான் நான். ஆனாலும் கைவிட்டதில்லை. இன்னொருத்தியின் பணம், அதுவும் அவ்வளவு பணம், ஒரு வெள்ளிக்கிழமை இரவு முழுக்க என்னிடம் தங்குவது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் புளியங்குடியில் எலுமிச்சைக் கமிஷன் கடையில் வேலை பார்க்கிறார். அவரைக் கூப்பிட்டேன். சந்தைச் சத்தத்தில் எடுக்கவில்லை.

ஐம்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு என்று அடித்துக்கொண்டிருந்தபோது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்து தொகை இருந்த இடத்தை மறைத்தது. கடன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும் என்று தள்ளிவிட்டேன். மறுபடி அடித்தது. மறுபடியும் தள்ளினேன். பணம் போய்விட்டது என்று பச்சை நிறத்தில் காட்டியதும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரியைத் தூண்டி விளக்கேற்றினேன். மனசு லேசாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆடி பிறந்த பிறகு வந்த புதன்கிழமை, அண்ணாச்சிக்கு முதல் தவணை அனுப்பப் பார்த்தேன். போகவில்லை. நெட்வொர்க் சரியில்லை என்று நினைத்து மாடிக்குப் போய் அனுப்பினேன். போகவில்லை. வங்கிக்கு நடந்தே போனேன்.

அங்கிருந்த அதிகாரி இளவயதுக்காரர். என் பாஸ்புத்தகத்தை வாங்கி எண்ணைத் தட்டியவர், அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், உங்க கணக்கு ஃப்ரீஸ் ஆகியிருக்கு. பணம் உள்ள வரும். வெளிய போகாது."

"யாரு பண்ணினது?"

"நாங்க இல்ல. ஆந்திராவுல ஒரு சைபர் கிரைம் ஸ்டேஷன்லேர்ந்து வந்திருக்கு. உங்க கணக்குல வந்த அறுபத்தையாயிரம் ரூபா மோசடிப் பணம்னு புகார்."

"நான் சேல விக்கிறேன் சார்."

"அதை நீங்க அவங்கக்கிட்டதான் சொல்லணும். எங்கக்கிட்ட அந்த ஸ்டேஷனோட இமெயிலும் புகார் நம்பரும்தான் இருக்கு."

திரையை என் பக்கம் திருப்பினார். அதில் என் பெயர் இருந்தது. முதல் எழுத்து உட்பட, நான் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் எழுதுவதுபோல அப்படியே. மேலே மோசடி என்பதற்கான ஆங்கில வார்த்தை. வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி எட்டிப் பார்த்துவிட்டு, கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். தெரிந்து செய்திருக்க மாட்டார். ஆனால் நான் பார்த்துவிட்டேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். சிவகிரிக்காரரின் எண்ணுக்கு அடித்தேன். அப்படி ஒரு எண்ணே இல்லை என்றது.

சிவகிரி, கோயம்புத்தூர் என்று அவர் சொன்னதைத் தவிர அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அவருடைய அம்மாவும் வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு பணம் கொடுக்க மாட்டாள். அது பொய்யில்லை என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். வீட்டுக்குள் இருந்து பார்த்தவர்தான் அப்படிப் பேச முடியும். ஓ.டி.பி. கேட்டிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன். பரிசு விழுந்திருக்கிறது என்றால் சிரித்திருப்பேன். அவருக்கு நான் யார் என்று தெரிந்திருந்தது.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். தறிச் சத்தத்தில் அவர் காதருகே கத்த வேண்டியிருந்தது. 'மோசடி', 'போலீஸ்' என்ற வார்த்தைகளை அப்படிக் கத்திச் சொல்ல நேர்ந்ததை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. அவர் தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"சேலையத்தானம்மா வித்த? வேற ஒண்ணும் விக்கலையே?"

"அண்ணாச்சி..."

"சும்மா கேட்டேன் தாயி. போலீஸ் வந்தா இங்கன வந்து தறிக்குப் பின்னால நின்னுக்க. தறிச் சத்தத்துல ஒருத்தனும் விசாரிக்க முடியாது."

தறிக்காரர் ஒருவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. அண்ணாச்சி பிறகு மெதுவாக, "தபசுக்குள்ள தொறந்துருவானாம்மா?" என்று கேட்டார். வீட்டில் விற்காமல் இருந்த சேலைகளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அவர் ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டார். அதில் கோபம் எதுவுமில்லை. அவருக்கும் வேறு வழியில்லை. விற்ற சேலைகளின் பணம் முழுக்கக் கணக்குக்குள் இருந்தது.

அந்த ஸ்டேஷனுக்கு மின்னஞ்சலில் கூரியர் ரசீது, பேச்சுப் பதிவுகள், நான் திருப்பி அனுப்பியதற்கான ஆதாரம் எல்லாம் அனுப்பினேன். பதில் இல்லை. வீட்டுக்காரர்தான், "எழுதிக்கிட்டே இருந்தா ஆகாது, பேசணும்" என்று ஸ்டேஷன் எண்ணைத் தேடிப் பிடித்தார். அவருக்குக் குருவிகுளம் பக்கத்துக் கிராமம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் வந்தவர்களின் தெலுங்கு. அதில் எழுதவோ படிக்கவோ அவருக்குத் தெரியாது.

மறுமுனையில் எடுத்த காவலர் இரண்டு நிமிஷம் கேட்டுவிட்டு ஏதோ சொன்னார். இவர் சிரித்தார். நான் முழங்கையால் இடித்தேன்.

"என்ன சொல்லுதாரு?"

"இந்தத் தெலுங்க எங்கய்யா படிச்சேங்கான். அவங்க பூட்டன்தான் இப்படிப் பேசுவாராம்."

அந்தப் பூட்டன் எங்களுக்கு உதவினார் என்றே சொல்ல வேண்டும். காவலர் என் மின்னஞ்சலைத் தேடி எடுத்துப் படித்தார். புகார் கொடுத்த பெண்மணியிடமும் சொல்கிறேன் என்றார். மறுநாள் மத்தியானம் அந்தப் பெண்மணியே கூப்பிட்டார். அங்கன்வாடியில் சமைக்கிறவராம். ஒலிபெருக்கியில் போட்டு, இவர் கேட்டுக் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னார்.

வெளியூரில் படிக்கும் மகனைப் போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது, பணம் போட்டால் விட்டுவிடுவோம் என்று யாரோ மிரட்டியிருக்கிறார்கள். என் எண்ணைத்தான் கொடுத்திருக்கிறார்கள். அவர் பணம் போட்டுவிட்டு மகனுக்கு அடித்திருக்கிறார். மகன் விடுதியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். உடனே பணம் போன எண்ணுக்கே கூப்பிட்டிருக்கிறார்.

இவர் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"என்ன?" என்றேன்.

"ரெண்டு தடவ அடிச்சாங்களாம். நீ எடுக்கலையாம்."

அந்தப் பெண்மணி தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை எனக்கே புரிந்தது. "தொங்க" என்றார். தெலுங்கில் திருடன் என்று அர்த்தம். மாமியார் பூனையைத் திட்டுவதைக் கேட்டுத் தெரிந்த வார்த்தை. இவர் அதை எனக்கு மொழிபெயர்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. தொகையை மறைத்துக்கொண்டு வந்த அந்த எண்தான் என் கண்முன் நின்றது. அவள் பணம் என்னிடம் இருந்தபோதே, திருப்பிக் கொடுக்க நான் அவசரப்பட்டுக்கொண்டிருந்தபோதே, பணத்துக்குச் சொந்தக்காரி கூப்பிட்டிருக்கிறாள். எடுத்திருந்தால் எனக்கு மொழி புரிந்திருக்காது. ஆனால் ஒரு பெண் அழுகிறாள் என்பது புரிந்திருக்கும். விரல் நின்றிருக்கும்.

"நீ பேசு" என்று போனை என்னிடம் நீட்டினார். என்ன பேச? தமிழில்தான் சொன்னேன். "அம்மா, நான் சேல விக்கிறவ. அந்தப் பணத்த ஒங்களுக்குத்தான் திருப்பி அனுப்புதேன்னு நெனச்சேன்." அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. பிறகு ஏதோ கேட்டார்.

"சேலை எங்க போச்சுங்காங்க" என்றார் வீட்டுக்காரர்.

அதற்குப் பதில் அதே வாரம் வந்தது. கோயம்புத்தூர் முகவரியில் அப்படி ஆளே இல்லை என்று எழுதி, கூரியர்க்காரர் பார்சலைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். பத்துச் சேலையும் நான் கட்டிய நூல்கூட அவிழாமல் இருந்தன. அந்தச் சிவகிரிக்காரருக்குச் சேலை எதற்கு? அந்தப் பார்சலைப் படம் எடுத்து ஸ்டேஷனுக்கு அனுப்பினோம். அதற்குப் பிறகுதான் அந்தக் காவலர் என்னைக் குறிப்பிடும்போது மரியாதையான வேறு வார்த்தை உபயோகிக்கத் தொடங்கினார் என்று இவர் சொன்னார்.

தபசு வந்தது. ஊர் முழுக்கக் கூட்டம். எங்கள் தெரு வழியாகவே வெளியூர் ஆட்கள் கோயிலுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். நான் போகவில்லை. அண்ணாச்சி வெளியே கடன் வாங்கித்தான் தறிக்காரர்களுக்குக் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அவர் என்னிடம் அதைச் சொல்லவில்லை. ஆடி முடிகிற நேரத்தில் ஸ்டேஷனிலிருந்து வங்கிக்குக் கடிதம் வந்தது. அறுபத்தையாயிரத்தை மட்டும் பிடித்து வைத்துக்கொண்டு மீதிக் கணக்கைத் திறந்துவிட்டார்கள். அன்றே அண்ணாச்சிக்கு அனுப்பினேன். "வந்துட்டு தாயி" என்று ஒரு வார்த்தை சொன்னார். அடுத்த சேலைகளைக் கொடுத்தார். முன்பு கொடுத்ததில் பாதி.

பிடித்து வைத்த பணத்தை நீதிமன்றம் சொன்னால்தான் யாருக்கும் கொடுப்பார்களாம். அதில் ஆறாயிரத்து ஐந்நூறு அந்த அம்மாவுடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மற்றதும் அவருடையதுதான். ஆனால் அது நான் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்துவிட்ட பணம். இப்போது அங்கே இருப்பது நான் சேலை விற்றுச் சேர்த்தது. யாருக்குக் கிடைத்தாலும் இன்னொருத்திக்கு நஷ்டம். அந்த அம்மா மாதம் ஒருமுறை கூப்பிடுகிறார். "ஏதாவது தெரிஞ்சுதா?" என்பார். நாங்களும் அதையே கேட்போம். பூட்டன் தெலுங்கில் பேச்சு ஓடும். மகன் படிப்பு, மழை, தறி. கடைசியாகப் போனை வைக்கும்போது என்னை அக்கா என்கிறார்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் தீக்குச்சியை உரசிக் கையில் வைத்திருந்தேன். போன் அடித்தது. தெரியாத எண். குச்சியை ஊதி அணைத்துவிட்டு ஓடிப்போய் எடுத்தேன்.

"மேடம், உங்களுக்குப் பர்சனல் லோன் தேவைப்படுதா?"

வேண்டாம் என்றேன். வீட்டுக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "யாருட்டி அது, இந்நேரத்துல?" என்று கேட்டார்.

"லோன் வேணுமான்னு கேக்கான்."

"அதுக்கா வெளக்க விட்டுட்டு ஓடின?"

ஆமாம் என்று சொல்லிவிட்டு இன்னொரு குச்சியை எடுத்தேன்.