அலாரத்தில் கட்டிய மஞ்சள் துணி

நோர்வேயின் பேர்கன் நகரில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் யாராவது ஒருவர் பாண் ரொட்டியைக் கருக்கினால் முழுக் கட்டடமும் இறங்கி வெளியே வந்து நிற்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் மத்தியானத்துக்கு மீன்குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். நெருப்பு அலாரம் அலறியது. அடுப்பை அணைத்து, இடுப்பில் கட்டியிருந்த சாரத்துக்கு மேலே தடித்த குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு படியிறங்கினால், கார் நிறுத்துமிடத்தில் பனிக்குள் எல்லாரும் நிற்கிறார்கள். மேல்மாடியில் படிக்கிற பெட்டையொருத்தி கையை உயர்த்தி, தன்னுடைய பாண்தான் கருகியது என்று எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டாள். ஒருவர் முகத்திலும் சினம் இல்லை. ஆனால் ஒருவரும் அலாரத்தை நிறுத்தப் போகவும் இல்லை.

பக்கத்து வீட்டு இங்ரிட், பூனையைச் சால்வைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள். பாண்தான் என்று தெரிந்துவிட்டதே, யாராவது போய் நிறுத்தலாமே என்று என்னுடைய ஓட்டை நோர்வே மொழியில் அவளிடம் கேட்டேன். நான் பயந்துவிட்டேன் என்று நினைத்து அவள் என் தோளைத் தடவினாள். நெருப்பு இல்லை, பயப்பட வேண்டாம் என்றாள். நெருப்பு இல்லையென்றால் நிறுத்தலாம்தானே என்றேன். அதைத் தீயணைப்புக்காரர் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று சொல்லிவிட்டுப் பூனையைக் கொஞ்சத் தொடங்கினாள். ஊரில் இருந்து இதை வாசிக்கும் நீங்கள் சிரிப்பீர்கள். நானும் முன்பென்றால் சிரித்திருப்பேன்.

நான் கேட்டது பயத்தினால் அல்ல. அலாரம் கேட்டால் என் கை தன்பாட்டில் அதன் வாயை அடைக்கும் பொத்தானைத் தேடும். திருகோணமலைத் துறைமுகத்தில் நான் கற்ற தொழில் அப்படி. கோதுமை கொண்டுவரும் கப்பல், சீமெந்துக் கப்பல், புல்மோட்டைக் கனிம மணல் ஏற்ற வரும் கப்பல் என்று நங்கூரம் போட்டு நிற்கும் பெருங்கப்பல்களுக்குப் படகில் போய், கூலி பேசி மின்சார வேலை செய்துகொடுக்கும் ஒரு சின்னக் கொந்தராத்துக் கூட்டத்தில் இருந்தேன். எங்கள் மேற்பார்வையாளர் யூட், என் அக்காவின் கணவர். தொழிலை எனக்குச் சொல்லித் தந்தவரும், துறைமுக வாசலுக்குள் நுழையும் பாஸை எடுத்துத் தந்தவரும் அந்த அத்தான்தான். பாலையூற்றில் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். எனக்கு அவரில் பெரிய பெருமை.

வயசான கப்பல் ஓயாமல் கத்தும். எண்ணெய் குறைந்தால் ஒரு மணி, தண்ணீர் சூடானால் இன்னொரு மணி, எங்கேயாவது ஒரு வயர் ஈரம் பட்டால் சும்மா ஒரு மணி. எதையாவது திருத்தும்போது அந்த அலாரத்தைக் கொஞ்ச நேரம் ஊமையாக்க, பெட்டிக்குள்ளே ஒரு துண்டு வயரைக் குறுக்கே போட்டுவிடுவோம். வேலை முடியக் கழற்ற வேண்டும். மறந்து கரைக்கு வந்துவிட்டால் கப்பல் செவிடாகவே கடலுக்குப் போகும். அதற்காக எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு நிறத் துணி, சோடியாக வெட்டிய இரண்டு கீலம். வயர் போட்ட இடத்தில் ஒன்றைக் கட்டுவோம், மற்றது சாமான் பையின் பிடியில் இருக்கும். பையில் துணி தனியாகத் தொங்கினால் கப்பலை விட்டு இறங்கக் கூடாது. என்னுடையது மஞ்சள், அத்தானுடையது நீலம். இரண்டையும் தன்னுடைய பழஞ்சீலைகளில் வெட்டி, ஓரம் தைத்துத் தந்தது அக்கா. எங்கள் துணிக் கதை துறைமுகக் கந்தோர் அதிகாரிகள்வரை தெரியும்.

என் தொழிலைப் பறித்தது ஒரு கோதுமைக் கப்பல். அதில் மூன்று ஜெனரேட்டர்கள். ஒன்று ஏற்கெனவே கழற்றிக் கிடந்தது. மற்ற இரண்டில் ஒன்று, எண்ணெய் அழுத்தம் குறைவு என்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. பார்க்கப் போன நான், அலாரத்தில் பிழையில்லை, உள்ளே எண்ணெய்ப் பம்ப் தேய்ந்துவிட்டது, பம்ப் மாற்றாமல் ஓட்டினால் எஞ்சின் இறுகி நின்றுவிடும் என்று அத்தானிடம் சொன்னேன். கோதுமை இறக்கி முடிந்திருந்தது, அடுத்த நாள் வெளிக்கிடவேண்டும் என்று கப்பல்காரர் அத்தானை நெருக்கினார்கள். அடுத்த நாள் காலை என்னைக் கரையில் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டுத் தானே கப்பலுக்குப் போனார். பம்ப் மாற்றத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

கப்பல் துறைமுக வாயைத் தாண்டும்போது அந்த ஜெனரேட்டர் இறுகி நின்றது. முழுப் பாரமும் மற்றதில் விழ, அதுவும் விழுந்தது. விளக்கு இல்லை, சுக்கான் இல்லை, பெரிய எஞ்சின் நின்றுவிட்டது. அவசர ஜெனரேட்டர் எழும்பி விளக்கைத் தந்ததே தவிர, கப்பலை ஓட்டும் பலம் அதற்கு இல்லை. அவ்வளவு பெரிய இரும்பு பாறைப் பக்கமாக இழுபட்டதைக் கரையில் நின்று நானும் பார்த்தேன். நங்கூரத்தை விட்டு, இழுவைப் படகுகள் ஓடிப்போய்த்தான் மீட்டார்கள். எஞ்சின் அறையில் நின்ற மாலுமி ஒருவனுக்குக் கொதி எண்ணெய் தெறித்துக் கை வெந்துபோனது. அலாரப் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, குறுக்கே ஒரு வயர். அதில் மஞ்சள் துணி.

கந்தோரில் விசாரித்தார்கள். நான் என் பையைத் தூக்கி மேசையில் வைத்தேன். இரண்டு மஞ்சள் துணியும் பிடியில் கிடந்தன. "சேர், என்ர சோடி இஞ்ச கிடக்கு. அங்க கிடக்கிறது என்ரயில்லை" என்றேன். அத்தான் பக்கத்துக் கதிரையில் இருந்தார். என்னைப் பார்க்காமல், "மஞ்சள் இவன்ர தான் சேர். வீட்டில சீலை முழுசாக் கிடக்கு, எத்தினை துண்டும் வெட்டலாம்" என்றார். முதல் நாள் அந்த ஜெனரேட்டரைப் பார்த்தவனும் நான்தானே. அடுத்த நாள் தான் போனபோது அலாரம் அடங்கியே இருந்தது என்று அத்தான் சொல்ல, கப்பல்காரரும் ஆமென்றார்கள். எல்லாம் பொருந்திவிட்டது.

எனக்கு ஒரேயொரு வழி இருந்தது. சீலை அக்காவிடம். எனக்கு வெட்டித் தந்தது இரண்டே இரண்டு துண்டு என்று அவள் வந்து ஒரு சொல் சொன்னால் போதும். பின்னேரம் வீட்டுக்கு ஓடிப்போய்க் கேட்டேன். அக்கா போர்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "காய்ச்சலடா தம்பி, எழும்ப ஏலாது. அவர் ஏதோ தடுமாறிச் சொல்லியிருப்பார். கப்பல்காரன் ஆரும் உன்ர நிறத்தில துணி கட்டியிருப்பாங்கள்" என்றாள். அதை நம்பினேன். நம்பாமல் எப்படி இருப்பது, அவள் என்னுடைய அக்கா. பாஸைப் பறித்தார்கள். துறைமுகத்துக்குள் போக முடியாத துறைமுகத் தொழிலாளி எதற்கு உதவுவான்? கொஞ்சக் காலம் குச்சவெளிப் பக்கம் நீர்ப்பம்பு திருத்தித் திரிந்தேன். பிறகு நோர்வேயில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது, கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

இங்கே பயணிகள் கப்பல் திருத்தும் பட்டறையில் வேலை. முதல் நாளே என் பெயர் பொறித்த சிவப்புப் பூட்டு ஒன்றைத் தந்தார்கள். நான் வேலை செய்யும் சுவிட்சை நான் பூட்டினால், முதலாளி வந்தாலும் திறக்கக் கூடாது. அதைத் திறக்கும் ஒரேயொரு திறப்பு என் கழுத்தில் தொங்கும். அந்தப் பூட்டைக் கையில் வாங்கி, என் பெயரை இரண்டு தரம் வாசித்தேன். பழக்கதோசத்தில் அதன் மேல் மஞ்சள் துணியையும் கட்டினேன். கூட வேலை செய்யும் ஆர்னே, இது உங்கள் சமயச் சடங்கா என்று மரியாதையாகக் கேட்டான். விளங்கப்படுத்தச் சொற்கள் போதாமல் ஆமென்று தலையாட்டிவிட்டேன். அன்றிலிருந்து ஆர்னே அந்தத் துணியைத் தொடுவதில்லை, எண்ணெய்க் கையோடு கிட்ட வந்தால் விலகிப் போகிறான். ஒன்றும் விளங்காதவன் காட்டிய மரியாதை அது.

இந்த வருசம் அக்காவின் கடைசி மகள் தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கும் சடங்குக்கு ஊருக்குப் போனேன். அத்தான் கோவிலடியில் பந்தல் வேலையாக நின்றார். குசினியில் அக்கா மீன் வெட்டிக்கொண்டிருக்க, நான் மர வாங்கில் குந்தியிருந்து பூட்டுக் கதையையும் ஆர்னேயின் கதையையும் சொல்லிச் சிரிக்கப்பண்ணினேன். பொக்கற்றில் இருந்த சோடித் துணியை எடுத்துக் காட்டி, "பாரக்கா, நீ தைச்ச தையல் இன்னும் விடேல்லை" என்றேன். அக்கா சிரித்த சிரிப்போடேயே சொன்னாள்.

"இது ஓரம் தைச்சது. அண்டைக்குக் காலமை அவர் அவசரமாக் கேட்டபடியால் தைக்காமல் வெட்டிக் குடுத்தனான். உன்ர துலைஞ்சு போச்சு எண்டுதானே கேட்டவர்."

சொல்லி முடிந்த பிறகுதான் அவளுக்கே விளங்கியது. கத்தி மீனில் அப்படியே நின்றது. நான் கேட்டேன், "எண்டைக்கு?"

"தம்பி..."

"கப்பல் போன அண்டைக்கோ?"

அவள் தலை குனிந்துகொண்டாள். "பிள்ளையள் அப்ப சின்னன். அவருக்குத் தொழில் போனா நாங்கள் என்ன செய்யிறது? நீ தனிக்கட்டை, எங்க போயும் பிழைப்பாய் எண்டு நினைச்சம். இப்ப நல்லாத்தானே இருக்கிறாய்?"

அத்தான் மாட்டிக்கொண்ட பிறகு தப்புவதற்காகப் பொய் சொன்னார் என்றால்கூட ஒருவேளை பொறுத்திருப்பேன். மனிதன் பயத்தில் என்னவும் சொல்வான். ஆனால் கப்பலுக்குப் போக முதலே, வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு, என்னுடைய நிறத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அந்த எஞ்சின் இறுகும் என்ற என் சொல்லை அவர் முழுதாக நம்பியிருக்கிறார். அதுதான் என்னை அறுக்கிறது. அக்காவுக்குக் காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இத்தனை வருசமும் முகம் தெரியாத ஒரு கப்பல்காரனை நான் திட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளையின் நன்மைக்கு நின்றேன், படத்துக்கும் அத்தானுக்குப் பக்கத்தில் நின்றேன். பிள்ளை என்ன பாவம் செய்தது? ஆனால் அந்த வீட்டில் அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை, சொன்ன நாளுக்கு முன்னமே புறப்பட்டுவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் அக்கா அழைக்கிற நேரம். போன ஞாயிறும், பனிக்குள் நாங்கள் நின்றபோது, குளிர்ச்சட்டைப் பைக்குள் தொலைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தேன். திரையில் அக்காவின் முகம், முதல் நன்மை அன்று எடுத்த படம். மேலே கட்டடம் இன்னும் அலறிக்கொண்டிருந்தது. என் பெருவிரல் பழக்கத்தில் சத்தத்தை நிறுத்தும் இடத்துக்குப் போய்விட்டுத் திரும்பியது. எடுக்கவும் மனம் வரவில்லை. இங்ரிட் எட்டிப் பார்த்து, "உன் வீட்டிலிருந்தா?" என்று கேட்டாள்.

"ஓம்" என்றேன், தமிழில். அவளுக்கு விளங்கவில்லை. கையில் அது அடித்து ஓய்ந்து, மறுபடியும் மறுபடியும் அடித்தது. தீயணைப்புக்காரர் வந்து, பார்த்து, நெருப்பு இல்லையென்று சொல்லிக் கட்டடத்தின் அலாரத்தை நிறுத்தினார்கள். எல்லாரும் உள்ளே போனார்கள். நான் அடிக்கிற தொலைபேசியோடு வெளியே நின்றேன்.